கரை பார்த்த கண்கள்

கப்பல்களுக்குக் கண் இருந்த காலம் அது. மாலுமி என்றொரு தொழில் அப்போது கிடையாது. கண் திறந்துவிட்டால் போதும்; கப்பல் தானே பார்க்கும், தானே போகும், வேண்டிய மட்டும் வாயும் பேசும்.

அந்தக் கடலில் நீலமுற்றம் என்று ஒரு துறைமுகம் இருந்தது. அங்கே கப்பலுக்குக் கண் வரைய ஒரு முறை உண்டு. மூக்கின் இரு பக்கமும், சரியாக நீர்மட்டத்தில் வரைவார்கள். கண்ணின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இருக்கும், மேல்பாதி வெளியே இருக்கும். கீழ்ப்பாதி பாறையையும் மணல்திட்டையும் பார்க்கும். மேல்பாதி மேகத்தையும் எதிரே வருகிறவர்களையும் பார்க்கும். கப்பலை மிதக்கவிட்டு, வரைகிறவர் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டுதான் கருமணி வைக்க வேண்டும். அப்போதுதான் கண் திறக்கும்.

அந்தக் கண்ணில் பாசி படியும், சிப்பி ஒட்டும், உப்பு அரிக்கும். பார்க்க ஒன்றும் லட்சணமாக இருக்காது. ஆனால் பார்க்கும்.

அப்படிக் கண் திறந்தவள்தான் நன்னீரி. அவள் தண்ணீர்க் கப்பல். அகன்ற வயிறு, குட்டைக் கழுத்து, கீல் பூசிக் கறுத்த உடம்பு. கல்திட்டு என்ற தீவில் நூறு வீடுகள். கிணறு ஒன்றுகூட இல்லை. அந்த நூறு வீட்டுத் தொண்டையும் அவள் வயிற்றை நம்பித்தான் இருந்தது.

அவள் வழக்கமாகத் தண்ணீர் மொள்கிற ஆற்றுமுகம் அந்த ஆண்டு மணல் மூடிப்போயிற்று. போதாததற்கு அடிப்பலகை ஒன்று விரிந்து, கடல் உள்ளே கசிந்து, நல்ல தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகு, தான் பிறந்த நீலமுற்றத்துக்கே போய்ப் பலகை அடைத்துத் தண்ணீர் மொண்டு வருவது என்று கிளம்பினாள்.

"தொட்டியில பத்து நாள் தண்ணி இருக்கு" என்றார்கள் கல்திட்டுக்காரர்கள்.

"பத்தாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன்" என்றாள் நன்னீரி. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். நடுவில் ஆறு நாள் தாராளம் என்று கணக்குப் போட்டாள்.

நீலமுற்றத்தில் அவளைக் கரையேற்றினார்கள். தண்ணீரை விட்டு ஏறிய கப்பலின் கண் வெயில் பட்டால் வெடித்துவிடும். அதனால் கரையேற்றும்போது கண்களை ஈரச் சாக்கால் கட்டி மூடிவிடுவது அந்த ஊர் முறை. நன்னீரியும் ஒன்றும் சொல்லாமல் மூக்கைக் காட்டினாள். அவளுக்கு முதன்முதலில் கண் திறந்த முத்திருளியேதான் வந்து சாக்கைக் கட்டினாள். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். வயசாகிறதோ என்று நன்னீரி நினைத்துக்கொண்டாள்.

நாலு நாள் இருட்டில் கிடந்தாள். பலகை இடுக்கில் பஞ்சு திணிக்கிற சத்தம், குங்கிலியம் காய்ச்சுகிற வாசனை, சுத்தியல் அடி. கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த நங்கூரம் மட்டும் ஒருநாள் முணுமுணுத்தது.

"ஆத்தா, உன் மூக்குக்கிட்ட என்னமோ ஏணி வச்சு ஏறுறாங்க."

"கீல் பூசுவாங்க. சும்மா கிட."

ஆறாம் நாள் அவளை மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள். சாக்கை அவிழ்த்தார்கள். நன்னீரி கண்ணைத் திறந்தாள்.

கடலைக் காணோம்.

தெரிந்ததெல்லாம் துறைமுகத்து மேடை. அதில் குடைகள், தோரணங்கள், கடலை தின்கிற ஜனங்கள். ஒரு பெண் அவளைப் பார்த்துக் கையசைத்தாள். நன்னீரி கீழே பார்க்க முயன்றாள், முடியவில்லை. முன்னே பார்க்க முயன்றாள்; அதுவும் முடியவில்லை. அவள் கண்கள் நீர்மட்டத்திலிருந்து எடுபட்டு, மேல்தட்டின் விளிம்புக்குக் கீழே, இரண்டும் ஒரே பக்கத்தில், கரையைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தன. நீண்ட இமை, பொன் மை, ஓரத்தில் ஒரு சிரிப்பு வேறு.

"என் கண்ணை எங்கே கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

மேடையிலிருந்து ஒருவர் முன்னே வந்தார். பட்டுச் சால்வை, கையில் பிரம்பு. தோற்ற மன்றம் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. அதன் தலைவர் பூவிலிங்கம்.

"உனக்குன்னு இல்லம்மா. இப்ப எல்லாக் கப்பலுக்கும் இதுதான் அமைப்பு" என்றார் அவர் கனிவாக. "நீ ரொம்ப நாள் ஊர்ல இல்ல, அதான் புதுசாத் தெரியுது. உன் பழைய கண்ணு எங்க இருந்துச்சு? பாதி தண்ணிக்குள்ள. அதை எவன் பார்ப்பான்?"

"கண்ணு பார்க்கறதுக்கா, பார்க்கப்படறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான். ஆனா ஊருக்குள்ள வர்ற ஜனம் உன் மூஞ்சியைத்தானே பார்க்குது. இன்னைக்குப் பாரு, எத்தனை பேர் கையாட்டுறாங்க. ஆறு வருஷத்துக்கு முந்தி உன்னைப் பார்த்து எவனாவது கையாட்டினானா?"

"கல்திட்டுல ஆட்டுவாங்க ஐயா. குடத்தைத் தூக்கிட்டு ஓடிவந்து ஆட்டுவாங்க."

மேடையில் சிலர் சிரித்தார்கள். பூவிலிங்கமும் சிரித்தார். "வயித்தைச் சுத்தி ஒரு மஞ்சத் துணி கட்டிவிடுங்கப்பா. கொஞ்சம் அடக்கமாத் தெரியும்" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"எனக்குத் துணி வேணாம். கண்ணு வேணும். இன்னைக்கே தண்ணி மொண்டுக்கிட்டுக் கிளம்பணும்."

"இன்னைக்கா? நாளை மறுநாள் கொடிநாள். கொடிநாள் ஊர்வலம் முடியாம எந்தக் கப்பலும் துறைமுக வாயைத் தாண்டக்கூடாது. ஊர்வலத்துல நீயும் போற. வரிசையில கடைசி."

நன்னீரி மனசுக்குள் எண்ணினாள். நாளை மறுநாள் எட்டாம் நாள். அன்று கிளம்பினால் பத்தாம் நாள் போய்ச் சேரலாம். அதற்கு மேல் ஒரு நாழிகை தள்ளினாலும் தொட்டி காய்ந்துவிடும். போகிற வழியோ துறைமுக வாயிலேயே பாதி முழுகி நிற்கிற காவல்பாறையைத் தாண்டிப் போகிற வழி. பாறையைப் பார்க்கக் கண் இல்லை.

சாயந்திரம் முத்திருளி சாயக் கிண்ணங்களோடு கரையோரம் வந்து நின்றாள். தண்ணீரில் இறங்கவில்லை.

"வரைஞ்சது யாரு?" என்று கேட்டாள் நன்னீரி.

"நான்தான் தாயி."

நன்னீரியைக் கட்டியிருந்த கயிறு முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது.

"மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றாள் முத்திருளி. "நீ வரையலைன்னா நாடகக் கொட்டகை சாயக்காரனை வச்சு வரைஞ்சுக்கிறோம்னாங்க. அவனுக்குக் கருமணி வைக்கத் தெரியாது. உனக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிருக்கும். அதுக்கு நானே வரைஞ்சா கரையாவது தெரியுமேன்னு..."

"அதாவது, என்னைக் குருடாக்கறதை நல்லபடியாச் செஞ்சுகுடுத்திருக்க."

முத்திருளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்ணு காஞ்சிரக்கூடாதுன்னு சாக்கு கட்டுறது நம்ம முறை. உன் கைன்னு தெரிஞ்சுதானே மூக்கைக் காட்டினேன்? திருடன் வந்து பிடுங்கியிருந்தா மோதியிருப்பேன். நீ முறைப்படி கட்டிட்டுப் பிடுங்கின. அதைத்தான் என்னால தாங்க முடியல. போ. போய் உன் கிண்ணத்தைக் கழுவு."

முத்திருளி போய்விட்டாள்.

பக்கத்தில் கட்டியிருந்த கப்பல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பெயர் தோகைமாலை. பின்புறம் மயில்தோகை போல விரிந்த ஏழு பாய், கழுத்தில் கண்ணாடிச் சில்லுகள், ஆளுயர இமைகள். அடிப்பக்கம் மட்டும் ஒரு தாம்பாளம் போலத் தட்டையாக இருந்தது.

"ஏன்க்கா இவ்வளவு கோபம்? உங்க கண்ணு இப்பத்தான் அழகா இருக்கு" என்றாள் தோகைமாலை.

"நீ எதுவரைக்கும் போயிருக்க?"

"துறைமுக வாய் வரைக்கும். இழுபடகு கயிறு கட்டி இழுத்துட்டுப் போகும், திருப்பிக் கூட்டிட்டு வந்துரும். கொடிநாள்ல மட்டும் கயிறு கிடையாது. கயிறு தெரிஞ்சா நல்லா இருக்காதாம்."

"கயிறு இல்லாமப் போனவங்க யாரும் திரும்பி வந்திருக்காங்களா?"

தோகைமாலை யோசித்தாள். "போன வருஷம் மூணு பேர் பாறையில ஏறிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு பேர். பாறை ரொம்ப அலட்சியமா இருக்குன்னு மன்றத்துல எழுதிவச்சிருக்காங்க."

"பாறை அலட்சியமா இருக்கா?"

"அப்படித்தான்க்கா சொல்றாங்க."

அவள் குரலில் கள்ளம் இல்லை. பிறந்ததிலிருந்து கரையைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவளிடம் கோபித்து என்ன செய்வது? நன்னீரிக்குக் கோபம் அவளைத் தாண்டிக்கொண்டு, பட்டுச் சால்வை போட்டவர் மேல் போய் நின்றது.

கொடிநாள் காலையில் நன்னீரி கழுத்து வரை நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டாள். பிறகு சுக்கானைக் கூப்பிட்டாள்.

"அக்கா, என்னை ஒண்ணும் கேட்காதே" என்றது சுக்கான். "நான் பின்னால இருக்கிறவன். எனக்கு எப்பவும் உன் முதுகுதான் தெரியும். நீ பார்த்துச் சொன்னா நான் திரும்புவேன்."

"நான் பார்க்க முடியாது. நங்கூரம் சொல்லும், நீ திரும்பு."

நங்கூரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? இருபது வருஷமா தூக்கிப் போட்டா போட்ட இடத்துல கிடக்கிறவன் ஆத்தா நான். ஓடுற கப்பலுக்கு வழி சொல்றதா?"

"பாதி ஆழத்துல தொங்கிக்கிட்டே வா. தரை மேல எழும்பி உன் காலைத் தட்டினா சொல்லு. எந்தப் பக்கம் தட்டுதுன்னும் சொல்லு. அது போதும்."

கொம்பு ஊதினார்கள். ஊர்வலம் கிளம்பியது. தலைமைக் கப்பல் தோகைமாலை. அவள் மேல்தட்டில் பூவிலிங்கம் நின்று கரைக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே போனார். நடுவில் பதினைந்து கப்பல்கள், எல்லாக் கண்களும் மேடையைப் பார்த்தபடி. கடைசியில் நன்னீரி, மஞ்சள் துணியும் கட்டாமல், இலைக்குப் போட மறந்த ஊறுகாய் போலத் தனியாக வந்தாள். முத்திருளி ஒரு பரிசலில் சாயக் கிண்ணங்களோடு கூட வந்தாள். நனைந்து கலைந்த இமைகளுக்கு மை தீட்டுவது அவளுக்கு இட்ட வேலை.

"வலப்பக்கம் தட்டுது" என்றது நங்கூரம். சுக்கான் இடப்பக்கம் ஒடித்தது. "இப்ப இல்ல. போ. போ. மெல்ல."

திடீரென்று முன்னால் ஒரு பெரிய அரைபடும் சத்தம். பலகை பிளக்கும் சத்தம். கரையில் கைதட்டல் எழுந்தது. தோகைமாலையின் ஏழு பாயும் ஒரே நேரத்தில் ஆடிச் சாய்ந்தது தூரத்திலிருந்து பார்க்க அவ்வளவு ஜோராக இருந்ததாம்.

"அக்கா, அது என்ன சத்தம்?" என்று தோகைமாலை கேட்டாள்.

"நீ பாறையில ஏறிட்டடி."

"இல்லையே. எல்லாரும் கைதட்டுறாங்களே. நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கேன்போல."

தண்ணீர் அவள் அடிவயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் அப்போதும் மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. பின்னால் வந்த பதினைந்தும் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அவையும் சிரித்துக்கொண்டே முட்டின.

நன்னீரி நங்கூரத்தின் குரலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்து, தோகைமாலை முழுகிவிடாதபடி தன் தோளை அவள் விலாவுக்கு அண்டைகொடுத்தாள்.

பூவிலிங்கம் சாய்ந்த தட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் முழங்கால் வரை நனைந்திருந்தது. சால்வை கலையவில்லை.

"எவ்வளவு திமிர் இந்தப் பாறைக்கு" என்றார். "இத்தனை பெரிய கப்பல் வருது, மேளதாளத்தோட வருது. கொஞ்சம் விலகி நிற்கத் தெரியாது?"

நன்னீரி சீறினாள். "பாறைக்கு ஏது ஐயா கண்ணு? நீங்க ஒரு கண்ணு வரைஞ்சு விட்டா விலகிக்குமோ என்னமோ."

கோபத்தில் சொன்னதை அவர் யோசனையாக எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பாறையை உற்றுப் பார்த்தார். பிறகு பிரம்பை உயர்த்தினார்.

"அதுதான் குறை. சரியாச் சொன்ன. முத்திருளி, இந்தப் பாறைக்குக் கண் வரை. இப்பவே. கண்ணு தெரிஞ்சப்புறமும் இடிச்சா அப்ப விசாரிக்கலாம்."

முத்திருளி அவர் முகத்தைப் பார்த்தாள். நன்னீரியைப் பார்த்தாள். பிறகு பரிசலை விட்டு இறங்கினாள். பாறையின் விளிம்பில் கால் ஊன்றி, கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். யாரும் எங்கே வரைய வேண்டும் என்று சொல்லவில்லை. நீர்மட்டத்தில் வரைந்தாள். கீழ்ப்பாதி தண்ணீருக்குள், மேல்பாதி வெளியே. கருமணி வைத்தாள்.

பாறை கண் திறந்தது.

கடலைப் பார்த்தது. மேகத்தைப் பார்த்தது. தன் காலடியில் கிடந்த ஐந்து பழைய கப்பல்களின் எலும்புகளைப் பார்த்தது. கடைசியாகத் தன் மேல் ஏறிக் கிடந்த தோகைமாலையைப் பார்த்தது.

"ஏன் இடிச்ச?" என்று கேட்டார் பூவிலிங்கம்.

"நானா?" என்றது பாறை. அதற்குப் பேசிப் பழக்கமில்லாததால் வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "நான் நிக்கிறேன். நிக்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும். இவங்க ஏன் என்மேல வந்து விழறாங்கன்னு எனக்கும் ரொம்ப நாளாப் புரியல. ஏதோ பகைன்னு நினைச்சேன். இப்பத்தான் தெரியுது. இந்தப் பொண்ணு என்மேலதான் கிடக்குது. இன்னும் என்னைப் பார்க்கல."

கரையில் கைதட்டல் நின்றுபோயிற்று. பூவிலிங்கம் தொண்டையைக் கனைத்தார்.

முத்திருளியின் கிண்ணத்தில் கொஞ்சம் கருமை மிச்சமிருந்தது. அவள் தண்ணீரை விட்டு ஏறவில்லை. நீந்தி நன்னீரியின் மூக்குக்கு வந்தாள்.

"மூக்கைக் காட்டமாட்டேன்னு சொன்னா போயிடுறேன் தாயி."

நன்னீரிக்குக் கோபம் தீரவில்லை. அது லேசில் தீருகிற கோபமும் இல்லை. ஆனால் கல்திட்டில் தொட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தத் தடவை சாக்கு வேணாம்" என்றாள். "கண்ணை மூடாம வரை. நீ எங்க கை வைக்கிறன்னு எனக்குத் தெரியணும்."

"உத்தரவு இல்லாம வரையக்கூடாது" என்றார் பூவிலிங்கம்.

முத்திருளி காதில் தண்ணீர் புகுந்தவள்போல வரைந்துகொண்டிருந்தாள். நீர்மட்டத்தில் கருமணி விழுந்த கணத்தில், மேலே சிரித்துக்கொண்டிருந்த பொன் மைக் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. நன்னீரி கீழே பார்த்தாள். மணல், பாசி, பாறையின் வேர், ஒரு மீன் கூட்டம். முன்னே பார்த்தாள். திறந்த கடல்.

இழுபடகுகள் வந்து தோகைமாலையைத் தாங்கிக்கொண்டன. நன்னீரி தோளை விடுவித்துக்கொண்டு கிளம்பினாள்.

"இனி நான் பழையபடி சும்மா தொங்கலாமா?" என்றது நங்கூரம்.

"தொங்கு. நல்லாத்தான் வழி சொன்ன."

"அதை ஒரு தடவை சுக்கான் காதுல விழற மாதிரிச் சொல்லு."

பத்தாம் நாள் பொழுது சாய ஒரு நாழிகை இருக்கும்போது கல்திட்டு தெரிந்தது. தொட்டியின் அடியில் ஒரு சாண் தண்ணீர் கிடந்தது. அதையும் அன்று யாரும் தொட்டிருக்கவில்லை. குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் அவள் கண்ணைப் பார்க்கவே இல்லை. நேராக அவள் வயிற்றுக் குழாயடிக்குப் போனார்கள். நன்னீரிக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தொட்டியில் பத்து நாள் தண்ணீர் விட்டுவிட்டு, அடுத்த நடைக்கு நீலமுற்றம் திரும்பினாள். துறைமுக வாயில் காவல்பாறை தூரத்திலேயே தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு தெப்பம். தெப்பத்தில் ஏணி, பொன் மைக் கிண்ணம், நாடகக் கொட்டகை சாயக்காரன், இரண்டு ஆட்கள். பாறையின் ஒரு கண்ணில் ஈரச் சாக்கு கட்டியாகிவிட்டது. மற்றக் கண்ணுக்கு முன்னால், கழுத்தளவு தண்ணீரில், முத்திருளி முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள். அவளை வேலையிலிருந்து நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது.

"நகரும்மா. எங்களுக்கு உத்தரவு" என்றான் சாயக்காரன். கையில் இருந்த ஓலையை நன்னீரி பக்கமும் தூக்கிக் காட்டினான். அதில் எழுதியிருந்தது: 'பாறையின் கண்கள் கரையைப் பார்க்கவில்லை. உயர்த்தித் திருத்துக.'

பாறை ஒற்றைக் கண்ணால் நன்னீரியைப் பார்த்தது.

"வெயில்ல கண்ணு வெடிச்சிரும்னு சாக்கு கட்டுறாங்களாம்" என்றது. "என்மேல நல்ல அக்கறை. இந்தம்மாதான் ஏனோ விடமாட்டேங்கிறாங்க."

நன்னீரி வேகத்தைக் குறைத்து, அகன்ற வயிற்றைத் திருப்பி, தெப்பத்துக்கும் பாறைக்கும் நடுவே புகுந்து நின்றாள். தெப்பம் ஒதுங்கியது. ஏணி தண்ணீரில் விழுந்தது.

"நங்கூரம், இறங்கு."

"எவ்வளவு நேரம் கிடக்கணும் ஆத்தா?"

"அந்தச் சாக்கு அவிழ்ற வரைக்கும்."